கருவாட்டுத் தெருவில் ஒரு ரோஜா

ஆன்லினின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு முற்றம்தான் இருந்தது. அது லூசி மாமியின் முற்றம். அங்கே ஓலைப்பாயில் நெத்திலியோ சாளையோ எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். அந்தத் தெருவுக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பிடிப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு ரோஜாச் செடியைக் கொண்டுவந்தாள் ஆன்லின்.

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோர நர்சரியில் அவள் அதைப் பார்த்தாள். நீண்ட காம்பு. அதன் நுனியில் ஒரே ஒரு பூ. அதன் நிறத்தைச் சிவப்பு என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. ஓர இதழ்கள் வெளுத்திருந்தன. உள்ளே போகப் போக, பழம் கனிவதுபோல நிறமும் கனிந்துகொண்டே போனது. முகர்ந்து பார்க்கக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"ஆப்ரிகாட் கலர், தாயி. ஹைப்ரிட் டீ வகை," என்றார் நர்சரிக்காரர்.

"டீ போடுற செடியா?" என்று கேட்டான் தம்பி ஜெனிஷ்.

"டீயும் இல்ல, காப்பியும் இல்ல. ரகத்துக்குப் பேரு அது. காம்புக்கு ஒரு பூதான். ஆனா பெருசா, வாசமா பூக்கும். நீங்க எந்த ஊரு?"

ஆன்லின் ஊரைச் சொன்னதும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "கடக்கரையா? இது தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்த பிள்ளையாக்கும். உப்புக் காத்துல நிக்காதே."

"நான் நிக்க வைப்பேன்," என்றாள் ஆன்லின்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிஷ் தெரு முழுக்கச் செய்தி பரப்பினான். "எங்க வீட்டுக்கு ஆப்பிரிக்கா காட்டு ரோஜா வந்திருக்கு! சிங்கம் இருக்குற காடு!"

வேடிக்கை பார்க்க வந்த வாண்டுகள் செடிக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றார்கள்.

செடியை எங்கே நடுவது என்று ஆன்லின் நன்றாக யோசித்தாள். லூசி மாமியின் முற்றத்தை ஒட்டிய மதில் ஓரம்தான் சரி என்று பட்டது. கடல் காற்றை மதில் தடுத்துவிடும் அல்லவா? அங்கே மணலை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் சாணி எருவும் போட்டு நட்டாள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதால், குழாயில் வரும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றினாள். செடி செம்பு நிறத்தில் தளிர்விட்டது. பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, அந்தத் தளிர்களைப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆனால் தளிர்கள் நிலைக்கவில்லை. இலைகளின் ஓரம் தீய்ந்தது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின.

"உப்புக் காத்துதான்," என்றாள் அம்மா.

வள்ளத்தில் மீன்பிடிக்கப் போயிருந்த அப்பா கரைக்கு வந்ததும், மதிலுக்கு மேலே ஓலைத் தட்டி கட்டிக் கொடுத்தார். அப்படியும் இலைகள் உதிர்ந்தன.

ஒருநாள் சாயங்காலம் ஆன்லின் செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தோட்டத்தின் மறுகோடியில் கறிவேப்பிலைச் செடி நின்றது. அங்கே மதிலும் இல்லை, தட்டியும் இல்லை. கடல் காற்று அதைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது பச்சைப் பசேலென்று சிரித்தது.

'காத்துதான் காரணம்னா, அதுல்லா முதல்ல காஞ்சிருக்கணும்?'

அவள் ரோஜாவின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"த்தூ! த்தூ!"

"அம்மா, அக்கா மண்ணு தின்னுதா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினான் ஜெனிஷ்.

மண் கடல் தண்ணீரைப்போலக் கரித்தது. மதிலின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஆன்லின் ஒரு கல்லின்மேல் ஏறி மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே மதிலடி ஈரமாக இருந்தது. காயப்போடும் முன் மீன் ஊறிய உப்புத் தண்ணீரை மாமி அங்கேதான் கொட்டியிருக்கிறார்!

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை ஆசையா வச்ச செடியாக்கும். போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

ஆன்லின் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். போன வருசம் குழாயடிச் சண்டைக்குப் பிறகு, எதிர்வீட்டுக்காரர்களோடு ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேச்சே இல்லாமல் போனது அவளுக்கு நினைவு வந்தது.

"நான் பேசுதேன்மா."

"என்ன பேசுவ?"

"அதான் இன்னும் தெரியல."

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் ஆன்லின் மறுபடியும் கல்மேல் ஏறினாள். லூசி மாமி உப்பில் ஊறிய மீன்களை எடுத்துப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். என்ன வேகம்! கை போவதும் வருவதும் தெரியவில்லை. ஆனால் பாய் முழுக்கக் கோலம் போட்டாற்போல மீன்கள் வரிசையாக விழுந்தன. ஒன்றின்மேல் ஒன்று படவில்லை. இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இந்த முற்றத்தைக் கடந்த ஆன்லின், இப்போது வாயைப் பிளந்து பார்த்தாள்.

மீனெல்லாம் பரப்பி முடிந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கக் குனிந்த மாமி, "யம்மா... மாதாவே!" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சநேரம் கழித்து எழுந்து, தொட்டியைத் தரையோடு தரையாக இழுத்தார். இழுத்துக்கொண்டு போகக் கடல் தூரம். மதில்தான் பக்கம்.

ஆன்லினுக்கு இப்போது விளங்கியது. கல்லிலிருந்து குதித்து ஓடினாள்.

"மாமி, இருங்க! நான் ஒரு பக்கம் பிடிக்கேன்."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏளா, இந்தப் பக்கமே மூக்கைப் பொத்திக்கிட்டுல்லா போவ? இன்னைக்கு என்ன பாசம் பொங்குது?"

ஆன்லினுக்கு முகம் சிவந்தது. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"என் ரோஜாச் செடி சாகப் போவுது மாமி. இந்தத் தண்ணி மதிலுக்கு அடியில இறங்கி வேருக்கு வந்துருது. உங்களுக்குத் தோள் வலின்னு எனக்கு இப்பதான் தெரியும்."

மாமி தொட்டியை விட்டுவிட்டு விறுவிறுவென்று ஆன்லின் வீட்டுத் தோட்டத்துக்குள் வந்தார். குச்சி குச்சியாக நின்ற செடியைப் பார்த்தார். மண்ணில் பூத்திருந்த உப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"தோணியில இருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். அன்னையில இருந்து கை மேல எழும்பல," என்றார் மெதுவாக. "மதிலுக்கு அங்கன ஒரு உயிர் நிக்கிது, அது எனக்குத் தோணலையே. முன்னாடியே சொல்லப்பிடாதா பிள்ள?"

"முன்னாடி எனக்கே தெரியாதுல்லா மாமி."

அம்மா வாசலில் வந்து நின்றாள். அவள் கேட்க நினைத்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "உள்ள வாங்க மைனி. தோளுக்குத் தைலம் தாரேன்," என்றாள்.

ஆனால் தினமும் யார் தொட்டியைத் தூக்குவது? ஆன்லின் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் குடவண்டி நின்றது. குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடங்களை வைத்துத் தள்ளி வருகிற வண்டி அது. காலையில் தண்ணீர் எடுத்த பிறகு நாள் முழுக்கச் சும்மாதான் கிடக்கும்.

"மாமி, உப்புத் தண்ணிய பழைய குடத்துல மொண்டு ஊத்துவோம். வண்டியில வச்சா நீங்க தூக்கவே வேண்டாம், கடல் வரைக்கும் தள்ளினா போதும். தினமும் காலையில நானும் ஜெனிஷும் தள்ளுதோம்."

"நான் ஹாரன் அடிப்பேன்!" என்றான் ஜெனிஷ். வண்டியில் ஹாரன் கிடையாது. அவனே வாயால் அடித்துக்கொண்டான்.

செடியை அந்த மண்ணில் இனி விட்டுவைக்க முடியாது. மாமி தன் பழைய ஐஸ் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். உருகும் தண்ணீர் வடிய அதன் அடியில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன. ஆன்லின் செடியைப் பைய தோண்டி எடுத்து, வேரை நல்ல தண்ணீரில் அலசி, புதுச் செம்மண்ணில் வைத்தாள். தீய்ந்த கிளைகளைக் கண்ணை இறுக்கிக்கொண்டு நறுக்கினாள். மிஞ்சியது ஒரு மொட்டைக் குச்சிதான்.

பல நாள் அது குச்சியாகவே நின்றது.

"பேசாம ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்பிருவோமா?" என்று கேட்டான் ஜெனிஷ்.

ஒருநாள் அந்தக் குச்சியில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது தளிரானது. தளிர் கிளையானது. கிளையின் நுனியில் கூராக ஒரு மொட்டு நிமிர்ந்தது.

மொட்டு வாய் திறந்த அன்று, ஆன்லினின் பள்ளித் தோழி நிலோஃபர் வந்திருந்தாள். பூவைப் பார்த்ததும் "ஏ, இந்த நிறத்துல எங்க வீட்டுல பழம் இருக்கே!" என்று ஓடிப்போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். அவளுடைய வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த உலர்ந்த பழங்கள். "இதாம் ஆப்ரிகாட். தின்னு பாரு."

ஜெனிஷ் ஒன்றை வாயில் போட்டான். "அப்போ காடு இல்லையா? சிங்கமும் இல்லையா?" என்று சோகமாகக் கேட்டான். பிறகு இன்னொன்றுக்குக் கையை நீட்டினான்.

மறுநாள் விடியற்காலை பூ முழுதாக விரிந்துவிட்டது. வெளி இதழ்கள் பின்னால் சுருண்டிருந்தன. நடுவிலே சின்ன விளக்கு எரிவதுபோல ஒரு நிறம். இதழில் பனி நின்றது. ஆன்லின் மூச்சுவிடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வரும். விடியற்காலையில் அது திரும்பிக்கொண்டு, ஊரிலிருந்து கடலுக்குப் போகும். கரைக்காற்று என்பார்கள். அன்றைக்கும் அது வீசியது. பூவைத் தொட்டுக்கொண்டு மதிலைத் தாண்டிப் போனது.

அந்தப் பக்கம் மீன் பரப்பிக்கொண்டிருந்த லூசி மாமியின் கைகள் நின்றன. மாமி முகத்தை உயர்த்தி, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார்.

"ஏளா ஆன்லின்! கருவாட்டு முற்றத்துல யாருளா பன்னீர் தெளிச்சது?"

ஆன்லின் சிரித்துக்கொண்டே கல்மேல் ஏறினாள். "நம்ம ரோஜா மாமி! பறிச்சுத் தரட்டுமா? தலையில வச்சுக்கிடுங்க."

"பறிச்சிராத, பிள்ள!" மாமி பதறிக் கையை ஆட்டினார். வலது கைதான், அது இப்போது நன்றாக எழும்பியது. "அது அங்கனயே நிக்கட்டும். நாளைக்குக் காலையிலயும் கரைக்காத்து வீசும்லா!"