அப்பாவுக்குத் தெரிய ஒரு குதிப்பு

மிளகு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஆள் சின்னது, காரம் பெரிது.

அவள் அப்பா கிரேன் ஓட்டுநர். அவருடைய உயரமான கிரேன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் தெரியும். மிளகு கண்விழிக்கும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். அவள் தூங்கிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அப்பா முழுசாகக் கிடைப்பார்.

"தினமும் சாயங்காலம் மாடியில நின்னு கை ஆட்டுறேனே, தெரியலையாப்பா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள் மிளகு.

அப்பா தலையைச் சொறிந்தார். "எல்லா மாடியிலயும் துணி ஆடுதுடா கண்ணு. நேத்து ஒரு போர்வையைப் பார்த்து நீதான்னு கை ஆட்டிட்டேன்!"

மிளகுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"உன்னைப் பார்த்துட்டேன்னா கிரேன் விளக்கை அணைச்சு அணைச்சுப் போடுறேன். சரியா?" என்றார் அப்பா.

துணி செய்யாத எதையாவது செய்ய வேண்டும். மறுநாள் பள்ளியில், விளையாட்டு வகுப்பில், அது கிடைத்தது. அதன் பெயர் ஜம்பிங் ஜாக். குதித்துக் கால்களை அகட்டி, கைகளைத் தலைக்கு மேல் தட்ட வேண்டும். அடுத்த குதிப்பில் கை, கால் எல்லாம் பழையபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். எந்தப் போர்வைக்கு இது வரும்?

அன்று சாயங்காலம் மூச்சு வாங்கக் குதித்தாள். தூரத்தில் கிரேன் விளக்கு அணைந்து எரிந்தது. மிளகுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னடி இது? எனக்கும் சொல்லிக்கொடு!" என்றாள் பக்கத்து மாடித் தையல்காரர் மகள்.

மிளகு சொல்லிக்கொடுத்தாள். அவள் தன் தம்பிக்குச் சொல்ல, தம்பி தெருவுக்கே சொல்ல, வாரம் முடிவதற்குள் எல்லா மாடிகளிலும் தடதடவென்று ஜம்பிங் ஜாக். பேக்கரிக்காரர்கூடத் தொப்பை குலுங்கக் குதித்தார்.

கிரேன் விளக்கு மட்டும் சும்மா எரிந்துகொண்டிருந்தது. இத்தனை பேரில் அப்பா அவளை எங்கே தேடுவார்?

"எல்லாரையும் நிறுத்தச் சொல்லேன்" என்றாள் அம்மா.

மிளகு வாயைத் திறந்தாள். எப்போதும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டுப் பையன், இன்று மாடியில் சிரித்துச் சிரித்துக் குதித்துக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கிரேனைப் பார்த்து உள்ளுக்குள் கத்தினாள். 'இங்க பாருப்பா! நான் இங்க இருக்கேன்!'

சட்டென்று ஒன்று தோன்றியது. மாடியின் நடுவே போய், கைகளை அகல விரித்து, அசையாமல் நின்றாள். கால் துறுதுறுத்தது. மூக்கு அரித்தது. தெருவே எம்பி எம்பிக் குதித்தது. மிளகு மட்டும் ஆடவில்லை, அசையவில்லை.

கிரேன் விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது.

"அப்பா!"

அசையாமல் நின்றதற்கெல்லாம் சேர்த்து மிளகு குதித்தாள்.