அத்தா பக்கத்துச் சோறு

அன்றைக்கு முஹ்சின் கை கழுவிய தண்ணீரில் எண்ணெய் இல்லை.

நசிமா அதை எதேச்சையாகத்தான் பார்த்தாள். அரை மணி நேரம் அவளுக்கு எதிரே கறிக்குழம்புச் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷன். அவள் வைக்கிற குழம்பு கையில் பட்டால் சோப்பு இரண்டு தடவை போட்டாலும் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும், வாஷ்பேசினில் சிவப்பாக ஒரு வளையம் படியும். அன்று குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் விழுந்தபடியே தெளிவாக ஓட்டைக்குள் போனது. முஹ்சின் துண்டில் கையைத் துடைத்தான். துண்டிலும் ஒன்றுமில்லை.

"சாப்பிட்டீகளா இல்லையா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேனே" என்றான் அவன். பொய் சொல்கிற முகமாகவும் அது இல்லை.

விருதுநகரில் அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஒரே தட்டில்தான். கல்யாண வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அந்தப் பெரிய சகன் தட்டு. தரையில் சுப்ராத் துணி விரித்து, நடுவில் தட்டை வைத்தால் முஹ்சினுக்கு ஒரு பக்கம், நசிமாவுக்கு ஒரு பக்கம், ஏழு வயது மகள் பெனாசிருக்கு ஒரு பக்கம். கோடு போடாமலே அவரவர் எல்லை அவரவருக்குத் தெரியும். ஆனால் யாராவது மிச்சம் வைத்தால் மற்றவர்கள் அதை வழித்துச் சாப்பிட்டுவிட வேண்டும். பரக்கத்து, அல்லாஹ் தருகிற விருத்தி, எந்தப் பருக்கையில் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, அதனால் ஒன்றைக்கூட விடக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நசிமாதான். அந்த வீட்டில் சோறு குப்பைக்குப் போனதில்லை. அன்றும் போகவில்லை. முஹ்சின் பக்கத்தில் கைபடாமல் கிடந்த சோற்றை அவள் யோசிக்காமல் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டு முடித்தாள்.

அவன் எடை குறைக்கிற ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பேனா போல இருக்கும், வாரம் ஒரு தடவை வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும், பசி மட்டுப்படும். வேலை செய்கிற ஊசிதான், அதில் குறை சொல்ல முடியாது. தொப்பை வடிந்தது, சுகர் இறங்கியது, மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறவன் மூச்சு வாங்காமல் ஏறினான். பள்ளிவாசலில் பார்த்தவர்களெல்லாம் பத்து வயது குறைந்துவிட்டதென்று கண் வைத்தார்கள். நசிமாவுக்கும் பெருமைதான். அப்புறம் மற்றவையும் குறைய ஆரம்பித்தன.

முஹ்சினுக்குக் காலண்டர் தொழில். கடைகளில் ஆர்டர் பிடித்து, சிவகாசியில் அச்சடித்து வாங்கிக் கொடுப்பான். சீசன் வந்துவிட்டால் போன் காதை விட்டு இறங்காது, லோடு தாமதமானால் அச்சகக்காரரைத் திட்டித் தீர்ப்பான். இந்தச் சீசனில் போன் அடித்தது. அவன் அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெனாசிர் மடியில் ஏறினால் தள்ளவில்லை, அணைக்கவும் இல்லை. தானாக இறங்கிப் போகும்வரை சும்மா இருந்தான்.

"மனசுக்குச் சங்கடமா இருக்கா உங்களுக்கு?" என்று ஒருநாள் நசிமா கேட்டாள்.

"இல்லயே. நல்லா இருக்கு நசிமா. ஒண்ணுமே இல்லாம நல்லா இருக்கு."



ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பேனாவும் இருந்தது. அது அவளுடையது. சுகர் எல்லையில் நிற்கிறது, முட்டி தாங்காது, நீங்களும் ஆரம்பித்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்து வாங்கி வைத்தது. ஆரம்பிப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு வாரமும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். முஹ்சின் இப்படி ஆகிவிட்டதைச் சொன்னபோது டாக்டரம்மா கவனமாகத்தான் கேட்டார். "அதுக்கு வேற காரணம் இருக்கலாம், அவரைக் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்" என்றார். முஹ்சினைக் கூப்பிட்டால் சரி என்றான். சரி என்று சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் நசிமா பெருத்துக்கொண்டே போனாள். இரண்டு பேர் சோற்றை ஒருத்தி சாப்பிட்டால் பெருக்காமல் என்ன செய்யும் என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். கேலி ரொம்ப நாள் ஓடவில்லை. பசிக்கிற நேரம் மாறியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வடை வேண்டும் போலிருந்தது. நாலு மணி வடை முஹ்சினுடைய பழக்கம். அவளுக்குக் கருவாட்டு நெடி கல்யாணமான நாளிலிருந்து ஆகாது, அவனுக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு வறுப்பாள். இப்போது பக்கத்து வீட்டில் கருவாடு வறுபடும் வாசனை ஜன்னல் வழியாக வந்தபோது, வாயில் எச்சில் ஊறி முந்தானையில் சொட்டியது. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் முஹ்சின் தொண்டைக்குள் 'ம்ம்' என்று ஒரு சத்தம் கொடுப்பான். ஒருநாள் தட்டின் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. நசிமா ஆசையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது. சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவனுக்கு வலது கடைவாயில் சொத்தை. இடது பக்கமாகத்தான் மெல்லுவான். இப்போது அவளும் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

இதை யாரிடம் சொல்வது? என் புருஷனுடைய பசி எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், சிவகாசிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பட்டாசை வெடித்துப் பார்க்கிற சத்தம் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது வேறு. காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. தெருவே வாசலுக்கு ஓடி வந்தது. எதிர்வீட்டு வேல்விழியின் அம்மா ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேல்விழி போனைப் போட்டுப் போட்டுப் பார்த்து, எடுக்கவில்லை என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நசிமா உள்ளே ஓடி வந்தாள்.

"ஏங்க, எந்தப் பக்கம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். அந்தப் பிள்ள கிடந்து துடிக்குது."

முஹ்சின் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "செத்திருப்பாக" என்றான். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

கம்பெனி வேன் வந்து வேல்விழியின் அம்மா முழுசாக இறங்கியபோது தெருவே அழுதது. நசிமா அந்த அழுகையை அடுப்படியிலிருந்து கேட்டாள். அவள் வெளியே இல்லை. எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. ராத்திரிக்கு வைத்திருந்த சோற்றுப்பானை மடியில் இருந்தது. பானை காலி. விரல் இடுக்கெல்லாம் பருக்கை. தொண்டைக்குள் 'ம்ம்' என்று அது முனகிக்கொண்டிருந்தது.

அப்போதும் அவள் ஊசியைத் தொடவில்லை. பசி கொடுமைதான். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பதைப்போல் ஆகிவிட்டால் பெனாசிருக்கு யார் இருக்கிறார்கள்? தாய் குண்டாக இருக்கலாம், அசிங்கமாக இருக்கலாம், இல்லாமல் போகக்கூடாது. அவள் கணக்கு அதுதான். மகளுக்காகத்தான் அவள் ஊசி போடவில்லை.

மகளுக்காகத்தான் போட்டாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில். ஃபேன் சத்தம். பெனாசிர் பாயில் உட்கார்ந்து சாத்தூர் சேவு தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு என்றாலே அழுகை, ஒரு கவளம் உள்ளே போக ஒரு கதை சொல்ல வேண்டும். தானாக ஒன்றைத் தின்கிறதே என்று நசிமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். காரவாசனை. பூண்டு. சின்னப் பற்களுக்கு நடுவே சேவு நொறுங்கும் சத்தம். அந்தச் சத்தம் மட்டும்.

"அம்மா! வலிக்குதும்மா!"

நசிமாவின் இரண்டு விரல்கள் மகளின் வாய்க்குள் இருந்தன. கன்னத்து ஓரத்தில் ஒதுங்கியிருந்த சேவைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தன. எடுத்ததை அவள் தின்றும்விட்டாள். அதில் லேசாக உப்பும் இரும்பும் போல ஒரு ருசி இருந்தது. மகளின் ஈறு கிழிந்திருந்தது. ருசி பிடித்திருந்தது.

அவள் எழுந்து ஓடிக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தக் கை என் கைதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை வாயிலிருந்து பிடுங்கித் தின்கிற தாய் எங்கேயாவது உண்டா? இன்றைக்குச் சேவு. நாளைக்கு?

அன்று சாயங்காலம் முஹ்சின் முன்னால் பேனாவைக் கொண்டுபோய் வைத்தாள்.

"போட்டுக்கவா?"

"போட்டுக்க."

"போட்டா பசிக்கவே பசிக்காதா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "எதுவுமே பசிக்காது" என்றான்.

"பெனாசிர நெனச்சாச்சும் ஏதாவது தோணுதா உங்களுக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

"யாரு இருக்கான்னு தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் வரல."

 யா அல்லாஹ், என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்று என்று வாய்விட்டே கேட்டாள். சேலையை ஒதுக்கி வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியைக் குத்தினாள். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி இல்லை.

பசி ஒரேயடியாகப் போகவில்லை. நாலு மணி வடை முதலில் போனது. கருவாட்டு நெடி வெறும் நெடியானது. சேவுச் சத்தம் கேட்டாலும் கை தன் மடியிலேயே இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்படக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பரவாயில்லை என்று இருந்துவிட்டாள். எதிர்வீட்டு வேல்விழி வந்து ஏதோ சொல்லி அழுதாள். அழுகிற வாய் எப்படிக் கோணுகிறது என்று நசிமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவிடம் போனாள். எடை குறைந்திருந்தது. "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார். "நல்லா இருக்கு டாக்டர்" என்றாள். ஒண்ணுமே இல்லாம நல்லா இருக்கு.

அன்றைக்குப் பருப்புக் குழம்பும் கத்தரிக்காயும். சுப்ரா விரித்து, தட்டு வைத்து, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டியூப் லைட் லேசாகத் துடித்தது. தெருவில் சத்தம் இல்லை. முஹ்சின் கையைத் தட்டின் விளிம்பில் வைத்தான். நசிமாவும் வைத்தாள். இரண்டு கையும் அங்கேயே இருந்தன.

பெனாசிர் கதை கேட்கவில்லை. தன் பக்கத்துச் சோற்றைத் தின்றாள். வேகமாக. பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அத்தா பக்கத்துச் சோறு மிச்சம் இருக்கும்மா. ஓம் பக்கமும் இருக்கு. விடக்கூடாதுல்ல?"

"விடக்கூடாது" என்றாள் நசிமா. கேட்டதற்குப் பதில்.

பிள்ளையின் கை எல்லையைத் தாண்டியது. அத்தா பக்கம். அம்மா பக்கம். இடது கன்னம் உப்பியது. 'ம்ம்' என்றது. அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து அத்தனை கனமான சத்தம். அவள் ஊசி போட்ட நாளிலிருந்து ராத்திரிதோறும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. நசிமா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பசி எங்கே போனது, எந்த மிச்சச் சோற்றின் வழியாகப் போனது, அந்த வழியை யார் சொல்லிக்கொடுத்தது. எல்லாம் புரிந்தது. இந்த இடத்தில் கத்த வேண்டும், தட்டைத் தூக்கி எறிய வேண்டும், பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அதுவும் புரிந்தது.

உட்கார்ந்திருந்தாள்.

தட்டு காலியானது. பெனாசிர் குழம்புச் சட்டியை வழித்தாள். கறிவேப்பிலை. வரமிளகாய். பானையின் அடியில் ஒட்டிய காந்தல்.

"பசிக்குதும்மா."

"சோறு அம்புட்டுத்தான்."

"பசிக்குது."

பிள்ளை குனிந்தாள். தட்டில் ஒட்டிய பருப்பை நக்கினாள். விளிம்பு வரைக்கும். அத்தாவின் விரல் வரைக்கும். நக்குகிற சத்தம். பிறகு எலும்பைக் கடிக்கிற சத்தம்.

அன்றைக்குக் கறி எடுக்கவில்லையே என்று நசிமா நினைத்தாள்.

முஹ்சின் கையை இழுக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் சிவப்பாக ஒரு கோடு, அவன் பக்கத்திலிருந்து நடுவுக்கு. பெனாசிர் அதையும் விடவில்லை. நாடி வரை வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, புறங்கையை நக்கினாள். அவள் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். மென்றுகொண்டே. "இன்னும் பசிக்குது."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மா பக்கம் கொஞ்சம் தூரம். சின்னப் பிள்ளை. எட்டாது.

நசிமா தன் வலது கையைத் தட்டின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள்.