இன்னும் பிறக்காத முனைகள்

ஏழாம் தெருவின் இருபது அலைமுனைகளும் நடுவனோடு சேர மாட்டோம் என்று மூன்றாவது நாளாக அடம்பிடித்தன.

நிலாவின் தரைக்கடியில் குடைந்த சுரங்கூரில், முனை சேராத தெருவில் யாரும் குடியிருக்க முடியாது. காற்றின் அளவைப் பார்ப்பது, கதவைத் திறப்பது, விளக்கேற்றிக் காலையாக்குவது, ஊர் அறிவிப்பைச் சொல்வது எல்லாம் கூரையில் ஒட்டியிருக்கும் அந்தத் தட்டுகளின் வேலை. அவற்றுக்கு உத்தரவு தருவது நடுவன் என்கிற ஒற்றை இயந்திரம். பழைய முனைகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டிய நாளிலிருந்து அறுபது குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தன.

பழுது பார்க்கும் உமையாள் ஏணியில் ஏறி இறங்கிக் களைத்திருந்தாள். மின்சாரம் வந்தது. கம்பியில் குறையில்லை. முனை "நான் இருக்கிறேன்" என்று கூப்பிட்டால் நடுவன் பதிலும் சொன்னது. ஆனால் முனை, தான் தயாரான நாளைச் சொல்லும் பிறப்புச் சான்றை நீட்டியதும் நடுவன் தொடர்பைத் துண்டித்துவிடும். காரணத்தைத் தோண்டி எடுத்தபோது ஒரே வரி வந்தது: 'இந்தக் கருவி இன்னும் பிறக்கவில்லை.'

சான்றில் 2164 அக்டோபர் என்றிருந்தது. சுவரில் நடுவன் ஓட்டும் கடிகாரத்திலோ அதே ஆண்டு மார்ச்.

"தொழிற்சாலையில தேதிய மாத்திப் போட்டுட்டானுங்க," என்றார் மேலாளர் தாமோதரன். "முனையோட தேதிய மார்ச்சுக்குத் தள்ளிச் சேத்து விடும்மா."

"இருபதுலயுமா சார் தப்பாப் போடுவாங்க?"

"சொன்னதச் செய்."

உமையாள் செய்யவில்லை. ஒரு முனையைச் சேர்க்காமலே மேசையில் வைத்தாள். சேர்ந்த முனை நடுவனின் நேரத்தை வாங்கிக்கொள்ளும். சேராதது தன் படிகக் கடிகாரத்திலேயே ஓடும். சுவர்க் கடிகாரத்தோடு ஒரே நிமிடத்தில் தொடங்கிய அந்த முனை, மூன்று மணி நேரத்தில் ஐந்து நிமிடம் முந்தியிருந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் ஐந்து நிமிடம்.

அவளுக்குப் புரிந்தது. முனைகள் முந்தவில்லை, ஊர் பிந்தியிருந்தது. நாளுக்கு நாற்பது நிமிடம். வெயில் தெரியாத ஊரில், ஆளில்லாக் கப்பலில் சரக்கு மட்டும் வரும் ஊரில், பூமியின் கடிதங்களுக்கும் நடுவனே தேதி போடும் ஊரில், யாருக்குத் தெரியும்? ஊர் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு முடிந்ததும் நிர்வாகம் கம்பெனியிடமிருந்து மக்கள் கைக்கு வரவேண்டும் என்பது ஒப்பந்தம். சுவர்க் கணக்கில் அதற்கு இன்னும் ஆறு மாதம். உண்மையில் அந்த நாள் கடந்து இரண்டு மாதமாகியிருந்தது.

அவள் போய்ச் சொன்னபோது தாமோதரன் மறுக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார். "கம்பெனி உத்தரவு, நான் என்ன பண்ண? அறுபது குடும்பம் தெருவுல நிக்குது, நீ தேதியப் புடிச்சுத் தொங்கறியே. பின்னால தள்ளு, இன்னிக்கே வீட்டுக்குப் போவாங்க."

"இன்னிக்கே போவாங்க சார். ஆனா தள்ள மாட்டேன்."

நடுவனுக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிவிட்டு, இருபது முனைகளையும் ஒன்றோடொன்று கோத்தாள். விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் தெருமுனைப் பலகையில் நவம்பர் என்று பார்த்துத் திகைத்து நின்றார்கள். உமையாள் விளக்கிச் சொன்னதும், தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்க்கும் ஜெபராஜ் அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் தெருவுக்கு நடந்தான். வாரம் முடிவதற்குள் நடுவனின் உத்தரவைக் கேட்க ஒரு தெருவும் மிச்சமில்லை.

மக்கள் சபை அமைந்தது. ஓராண்டுக்கு ஜெபராஜ் தலைவனானான். நாள் மறுபடியும் இருபத்து நான்கு மணி நேரமானது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. குழந்தைகள் எழ மறுத்தார்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டு நீண்ட நாளில் பழகிய உடம்பு, நாற்பது நிமிடத் தூக்கத்தைத் திருப்பிக் கேட்டது.

ஒரு பிற்பகலில் ஜெபராஜ் அவள் பட்டறைக்கு வந்தான்.

"அக்கா, நாள பழையபடி நீட்டிடுங்க. சனம் தாங்கல."

"தாராளமா. ஊரக் கூட்டிக் கேளு."

"கேட்டா ஆளுக்கொண்ணு பேசுவாங்கக்கா. கணக்க மாத்தணும், வருசத்த மாத்தணும்பாங்க. கடிகாரத்த மட்டும் சத்தமில்லாம மெதுவா ஓட விடுங்க. யாருக்கும் தெரியாது. நல்லதுக்குத்தான செய்யறோம்?"

"உன்னோட ஒரு வருசமும் சேந்து நீளுமே?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "அது கெடக்குது. சபை சொல்லுது, செய்ங்கக்கா."

உமையாளுக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. பிறகு மேசைமேல் இருந்த ஊர் அறிவிப்புப் பொத்தானை அழுத்தினாள். வெளியே எல்லாத் தெருக் கூரைகளிலும் சன்னமாக மணி ஒலித்தது.

"இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க தலைவரே," என்றாள். "ஊரே கேக்குது."