போய்ச் சேராத க்ளிக்

மவுஸ் வழக்கம்போல 'டிக்' என்றது. திரையில் எதுவும் அசையவில்லை.

மணி மூன்றரை. ஏசியின் இரைச்சலும், யாரோ சூடாக்கித் தின்ற சாப்பாட்டின் வாடையும், ஜன்னல் திரைகளின் கோடுகோடான நிழலும் கலந்து கிடந்த அந்தக் கூடத்தின் கோடியில், கண்ணாடி அறைக்குள் மச்சினன் நாற்காலிகளைச் சரிசெய்வதை இவன் பார்த்தான். இவன் சிபாரிசில் சேர்ந்தவன். இரண்டே வருடத்தில் டீம் லீட். இவன் பத்து வருடமாகக் காத்திருந்த பதவி. வீட்டிலும் மனைவி அதே பாட்டுத்தான்: "என் தம்பி மூளையே மூளை."

நான்கு மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் மச்சினன் புதிய இணையச் செயலியை ஓட்டிக் காட்ட வேண்டும். அது சொதப்பினால் பதவி போகும். அதற்காகத்தான் மதியம் இவன் அதில் நான்கு வரி செருகியிருந்தான். செயலியின் திரையில் எங்கே க்ளிக் செய்தாலும் அந்த க்ளிக் மேலடுக்கிலிருந்து இறங்கித்தான் பொத்தானைச் சேரும். இந்த வரிகள் மேலேயே அதை விழுங்கிவிடும். குறிப்பிட்ட ஒருவர் தன் பெயரில் செயலிக்குள் நுழைந்தால் மட்டும்.

சோதித்துப் பார்க்கத் தன் பெயரைப் போட்டிருந்தான். பிறகு மச்சினன் பெயராக மாற்றினானா?

மாற்றவில்லை.

திருத்துவதற்குக் கோப்பைத் திறக்கப்போனான். டிக். திறக்கவில்லை. அந்த வரிகளுக்குச் செயலிக்கு வெளியே வேலையே கிடையாதே! கணினியின் பவர் பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. மேசை விளக்கின் சுவிட்ச். ஒன்றுமில்லை.

மச்சினன் வெளியே வந்தான். "மாமா எங்கப்பா? இப்பதானே இருந்தாரு?"

"வயித்தெரிச்சல்ல வீட்டுக்குக் கிளம்பியிருப்பாரு," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"சும்மா இருடா. அவரு இல்லேன்னா நான் ஏது இங்க? அவரும் கூட நிக்கணும்னு பாத்தேன்."

"டேய், இங்கதான்டா இருக்கேன்!"

இவன் மச்சினனின் தோளைப் பிடித்து உலுக்கினான். சட்டைத் துணி விரலுக்குச் சொரசொரவென்று தெரிந்தது. தோள் அசையவில்லை.

கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒவ்வொரு பொத்தானும் மச்சினன் தொட்டவுடன் வேலை செய்தது. கைதட்டல். பிறகு போன்.

"ஆமாக்கா, அமோகம்! மாமாவா? காணோமேக்கா."

இவன் கண்ணாடியை அறைந்தான். இரண்டு கையாலும். சத்தமில்லை. வாயை அதில் ஒட்டிக் கத்தினான். கண்ணாடியில் மூச்சின் ஈரம் படியவில்லை.

பின்னால், பக்கத்து மேசைக்காரன் எழுந்து வந்து, இவனுடைய ஆளில்லாத மேசையில் வீணாக எரிந்த திரையை அணைக்க ஒரு விரலை நீட்டினான்.

டிக்.

உடனே அணைந்தது.