அந்தியேட்டி ஆகாத பெயர்

பகல் இரண்டு மணிக்கே பொலிகண்டி இருண்டு கிடந்தது. கார்த்திகை மழை கூரையில் இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்க, மேசையிலிருந்த வானொலிப் பெட்டியின் திரையில் பெயர்களை உதயகலா மூன்றாம் தடவையும் எண்ணினாள். மற்ற மீன்பிடிப் போட்டுகள் கரையேறிவிட்டன. கடலில் இருப்பது ஒன்றுதான். திரையில் இரண்டு பெயர்கள் பச்சையாக எரிந்தன.

ஒன்று அவள் புருசன் சிவகரன். மற்றது பஞ்சலிங்கம். அந்த மனிதர் போட்டோடு காணாமற்போய் ஐந்து மாதம்.

கடலில் தொலைபேசிக் கோபுரம் இல்லை. போட்டுக்கொரு பெட்டி, பக்கத்துப் போட்டின் பேச்சை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். புதிதாக வரும் போட்டை ஏற்கெனவே இருக்கிற போட்டு அறிமுகப்படுத்தும். பதில் தராத பெயர் ஒரு மணித்தியாலத்தில் தானாக அழியும், மீனவர் சங்கத்துப் பட்டியலைக் கவனிக்கும் உதயகலா பூட்டி வைத்தாலொழிய. பஞ்சலிங்கத்தின் பெயரை அவள்தான் பூட்டினாள். "உடம்பு வரேல்லை, அந்தியேட்டிக் கிரியை செய்யேல்லை. பேரை அழிச்சுப்போடாதை பிள்ளை" என்று அவர் மனைவி ஞானாம்பிகை கையைப் பிடித்து அழுதால் யாருக்குத்தான் மனம் வரும்?

பெட்டி கரகரத்தது. சிவகரனின் குரல்.

"கலா, எஞ்சின் நிண்டுட்டுது. தண்ணி ஏறுது."

"எங்கை நிக்கிறியள்?"

"தெரியேல்லையப்பா. பக்கத்திலை ஒரு போட்டு நிக்குது. ஆக்களைக் காணேல்லை."

அவர் குரல் வரும் வழியைத் திரையில் பார்த்தாள். பஞ்சலிங்கத்தின் ஊடாகத்தான் வந்தது. வேறு வழியே இல்லை. பூட்டை நீக்கப் போன விரலை இழுத்துக்கொண்டாள். நீக்கினால் சிவகரனின் குரலும் அறுந்துவிடும்.

திரை கேட்டது: நீக்கிலாப்பிள்ளை. அறிமுகம்: பஞ்சலிங்கம். சேர்க்கவா?

நீக்கிலாப்பிள்ளை கடலில் மாண்டபோது உதயகலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்போது இந்தப் பெட்டிகளே இல்லை.

"கலா..." குரல் தேய்ந்தது.

‘ஓம்’ என்பதை அழுத்தினாள். குரல் தெளிந்தது. திரையில் அவர் தூரம் ஏழு மைலிலிருந்து நாலு மைலானது. அடுத்தது வின்சன்ற். ஓம். பிறகு அவளுக்குத் தெரியாத பெயர்கள். ஓம். ஓம். அவர் வீடு வந்து சேர்ந்தால் போதும்.

ஒரு மைல்.

அரை மைல்.

கடற்பாசி மணத்தது. வீட்டுக்குள்.

மழை விட்டிருந்தது. ஆனாலும் நீர் சொட்டும் சத்தம். ஒரு இடத்திலிருந்து அல்ல. பல இடங்களிலிருந்து. முதுகுக்குப் பின்னால்.

தூரம்: பூச்சியம்.

"வந்திட்டன் கலா. தலை துவட்டத் துவாயை எடு."

அவர் கடலால் வரும்போதெல்லாம் சொல்வதுதான். ஆனால் குரல் பெட்டியிலிருந்து வரவில்லை.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையில் கடைசியாக ஒரு கேள்வி.

உதயகலா. அறிமுகம்: சிவகரன். சேர்க்கவா?

இரண்டு கைகளையும் மடியில் இறுகப் பொத்திக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலால், நீரில் ஊறி வெளுத்த விரலொன்று மெல்ல நீண்டு, ‘ஓம்’ மீது படிந்தது.