முதல் பிளக்கின் துவாரம்

லியோனார்ட் இன்னும் ஸ்பேனரைத் திருப்பவே இல்லை; அதற்குள் சிவந்தியின் கட்டைவிரலைக் காற்று தள்ளியது.

“காத்து வந்துச்சுய்யா.”

“நான் நட்டையே புடிக்கல, இன்னாத்த வந்துச்சு?” காருக்கு அடியிலிருந்து அவள் கணவன் சிரித்தான். “பேத்தி வர்ற குஷியில மெர்சலாயிட்டே நீ.”

மூன்று நாள் பேத்தியையும் மகள் ரேகாவையும் இன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து இந்தப் பழைய பியட்டில்தான் கூட்டிவர வேண்டும் என்பது அவன் பிடிவாதம். சடையங்குப்பத்தில் வெள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்த வண்டி. இன்ஜினில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், தவறி, சாவியைத் திருப்பினால் இருமியது. முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தை அவள் விரலால் அடைக்க, அவன் அடியிலிருந்து இன்ஜினைக் கையால் சுற்றுவான். காற்று விரலைத் தள்ளும் இடத்தில்தான் டைமிங்கைப் பிடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டிக்கும் இருவருக்கும் இதுதான் பழக்கம்.

ராயபுரத்துச் சந்தின் தகரக் கூரையில் மழை இரைந்தது. தூரத்தில் துறைமுகத்து லாரிகள் உறுமின. பெட்ரோலும் சேறும் கலந்த வாடைக்குள்ளிருந்து, குழந்தை கக்கிய பாலின் புளித்த வாடை மெல்ல எழுந்து வந்தது.

ஸ்பேனர் கிறீச்சிட்டது. காற்று தள்ளவில்லை. இழுத்தது.

வெதுவெதுப்பாக. ஈரமாக. பல் முளைக்காத ஈறுபோல.

தோளில் இடுக்கியிருந்த போனில் ரேகா.

“அம்மா, பாப்பா இப்பத்தான் பால் வேணாம்னு தலையத் திருப்பிகிச்சு. வாய் மட்டும் சும்மா சப்பிகினே கீதும்மா. ஒதட்டுல கருப்பா இன்னாமோ... கிரீஸ் மாதிரி.”

சிவந்தி விரலைப் பிடுங்கினாள்.

“அம்மா, மூச்சு வுடல. நீலமாவுது. நர்ஸம்மா... யாராவது வாங்களேன்...”

விரலைத் திரும்ப வைத்தாள். துவாரம் கவ்விக்கொண்டது. போனில் குழந்தை மூச்சை இழுத்தது. சப்பத் தொடங்கியது.

லியோனார்ட் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

“டைமிங் மார்க்கு வந்துடுச்சு. கைய எடு, பிளக்க மாட்டணும்.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டி, விரலை இன்னும் அழுத்தினாள்.

“வெளாடாத சிவந்தி. புள்ள காத்துகினு இருக்கும்.”

சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மறு கையில் பிளக். துவாரத்துக்கு நேராக.

போனில் சப்பும் சத்தம். விரலுக்கு அடியிலும்.

ஒரே தாளத்தில்.