வடிவு ஓடிய ஓட்டம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததுதான் தாமதம், நான்கு பேரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

யார் துரத்தினார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் துரத்தவில்லை. ஆவடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு. அங்கே மார்கழிக் காலையில் ஐந்து மணிக்கே கோயில் ஒலிபெருக்கி ஊரை எழுப்பிவிடும். மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தால் அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். அதற்கு ஓடுவதே மேல் என்று கஸ்தூரி முடிவு செய்தாள்.

கஸ்தூரிக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. அவளோடு ஓடுகிறவர்கள் மூன்று பேர். முதலாவது ஜேம்ஸ். அவனுக்குக் கால் நீளம், மூச்சு குட்டை. பாதி வழியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். அடுத்தவன் ஹபிபுல்லா. குரங்குக் குல்லா போடாமல் அவன் அம்மா வெளியே விடமாட்டாள். அதனால் அவன் ஓடிவரும்போது இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டும் ஓடிவருவது போல இருக்கும்.

மூன்றாவது வடிவு. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேட் வரைக்கும் பந்தயம் வைத்தால், மற்ற மூவரும் போய்ச் சேரும்போது அவள் கேட் கம்பியில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாடி துன்றே நீ?" என்று ஜேம்ஸ் ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"நேத்து வெச்ச சோறு" என்றாள் வடிவு.

"நானும் அத்தான் துன்றேன். எனக்கு மட்டும் ஏன் ஓட வரல?"

"உன்னைத் தேடிக்கினு ஜீப் வர்றதில்லையே!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

அந்தக் குடியிருப்பில் தொழிற்சாலை ஊழியர்களின் குடும்பங்கள் மட்டும்தான் இருக்கலாம். வடிவின் அப்பா வேலுசாமிக்கு அங்கே வேலை இல்லை. அவர் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்வருகிறவர். கலியமூர்த்தி என்ற ஊழியர் தன் வீட்டின் பின்னறையை அவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அப்படி விடக்கூடாது. மேலே தெரிந்தால் கலியமூர்த்திக்கு மெமோ வரும். வடிவின் குடும்பம் தெருவில் நிற்கும்.

திடீர் திடீரென்று ஜீப்பில் செக்கிங் வரும். ஜீப்பை யார் முதலில் பார்த்தாலும் ஓடிவந்து வடிவிடம் சொல்ல வேண்டும். அவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிப்போய்க் கருவேல மரங்களுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அவள் அப்பாவும் அம்மாவும் அந்த நேரம் வேலைக்குப் போயிருப்பார்கள். ஜீப் போகும்வரை அந்த அறை கலியமூர்த்தியின் சாமான் அறையாகிவிடும். வடிவின் கால் பழகியது இப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஹபிபுல்லா குல்லாவை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு உரக்கப் படித்தான். ஜனவரி முதல் தேதி, குடியிருப்பு மைதானத்தில், ஊழியர்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கு இருநூறு மீட்டர் ஓட்டம். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர்.

"வடிவு ஓடினா மத்தவங்கள்லாம் ரெண்டாவது பரிசுக்குத்தான் ஓடணும்" என்றான் ஹபிபுல்லா.

வடிவு நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். 'ஊழியர்களின் பிள்ளைகள்' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "நான் கைதட்ட வர்றேன்" என்றாள்.

"பேர் குடுத்துத்தான் பாக்கலாமேடி" என்றாள் கஸ்தூரி.

"அப்பாவோட ஃபேக்டரி டோக்கன் நம்பர் கேப்பாங்க. எங்க நைனாவுக்கு ஏது டோக்கன்? வேணாம் கஸ்தூரி. சொல்லிட்டேன்."

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. தினமும் தன்னைத் தோற்கடிக்கிறவள் கைதட்ட வருவாளாம், தான் போய்ப் பரிசு வாங்க வேண்டுமாம். இது என்ன நியாயம்? அன்று மாலை அவள் யாரிடமும் சொல்லாமல், போட்டி நடத்தும் குடியிருப்பு நலச் சங்க அலுவலகத்துக்குப் போய் இரண்டு படிவம் வாங்கினாள்.

ஒன்றில் தன் பெயரை எழுதி, தன் அப்பா கஜபதியின் டோக்கன் நம்பரைப் போட்டாள். இன்னொன்றில் வடிவின் பெயரை எழுதி, அதிலும் அதே நம்பரைப் போட்டாள். ஒரே அப்பாவுக்கு ஒரே வயதில் இரண்டு பெண்கள் முளைத்துவிடுவார்களே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிற பெண்தான். என்ன செய்வது, வேண்டிய நேரத்தில் புத்தி புல் மேயப் போய்விட்டது.

புத்தாண்டு அன்று மைதானம் நிறையக் கூட்டம். சுண்ணாம்புக் கோடு போட்டு, கலர் காகிதம் கட்டி, மைக் வைத்து அமர்க்களப்படுத்தியிருந்தார்கள். கைதட்ட வந்திருந்த வடிவின் காதில் கஸ்தூரி விஷயத்தைச் சொன்னாள்.

வடிவின் முகம் வெளுத்துப்போனது. "இன்னாடி பண்ணி வெச்சிகீறே?"

"யாரும் பாக்க மாட்டாங்கடி. ஓடிட்டு வந்துடு."

வடிவு திரும்பிப் போயிருக்கலாம். அவள் ஒருமுறை தன் வீடு இருந்த பக்கம் பார்த்தாள், ஒருமுறை சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஜேம்ஸின் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டில் போய் நின்றாள்.

விசில் ஊதியது. எட்டுப் பெண்கள் ஓடினார்கள். கஸ்தூரிக்கு முன்னால் புழுதியும் இரண்டு குதிகாலும் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் குதிகாலும் தெரியவில்லை. முடிவுக் கோட்டில் கட்டியிருந்த கயிற்றை வடிவு அறுத்துக்கொண்டு போனாள். ஹபிபுல்லா குல்லாவைக் கழற்றி மேலே எறிந்தான். இரண்டாவதாக வந்த கஸ்தூரிக்கு, தானே முதலாவதாக வந்திருந்தால் இருந்திருப்பதைவிட அதிக சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் சரியாக ஐந்து நிமிடம் இருந்தது.

நலச் சங்கச் செயலாளர் சம்பத் மைக்கைப் பிடித்தார். "முதல் பரிசு, வடிவு! தந்தை பெயர் கஜபதி. இரண்டாம் பரிசு, கஸ்தூரி! தந்தை பெயர்..." அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "தந்தை பெயர் கஜபதி! ஒரே வீட்டுக்கு இரண்டு பரிசு!"

கூட்டம் கைதட்டியது. வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த கஜபதியின் வாய் திறந்தபடியே நின்றது.

"யோவ் கஜபதி! ரெண்டாவது பொண்ணு பொறந்ததை எங்களுக்குச் சொல்லவே இல்லையே!" என்று யாரோ கத்தினார். மைதானம் முழுவதும் சிரித்தது.

சம்பத் சிரிக்கவில்லை. "கஜபதி, இங்க வாங்க. ரெண்டும் உங்க பிள்ளைங்களா?"

"எனக்கு ஒரே பொண்ணு சார்" என்றார் கஜபதி, ஒன்றும் புரியாமல்.

சம்பத் வடிவின் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீ எந்த வீடு?"

வடிவு குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். கூட்டத்தில் நின்ற கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று கஸ்தூரிக்குத் தெரிந்தது. அவள் முன்னால் போய் நின்றாள்.

"லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருக்கா சார். விருந்தாளி. நான்தான் எங்க அப்பா நம்பரைப் போட்டுட்டேன்."

கஜபதி மகளைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். "ஆமா சார். சொந்தக்காரப் பொண்ணு" என்றார் மெதுவாக.

சம்பத் பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து இரண்டு பெயரையும் அடித்தார். டிபன் கேரியர் மூன்றாவதாக வந்த பெண்ணிடம் போனது. அந்தப் பெண்ணுக்கே அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. கூட்டத்தில் ஒருவர் "திருட்டு ஓட்டம்" என்றார். வடிவின் காதில் அது விழுந்தது. செருப்பைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அவள் நடந்தே போனாள்.

வீட்டில் அப்பா அடிப்பார் என்று கஸ்தூரி பயந்தாள். அவர் அடிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "கலியமூர்த்தி அவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணுமாம்" என்றார்.

"ஏன்ப்பா? நான்தான் விருந்தாளின்னு சொல்லிட்டேனே!"

"நீ சொன்னா சம்பத் நம்புவாரு. அங்க இருந்த மத்தவங்களுக்குத் தெரியாதா, அந்தப் பொண்ணு எந்த வீட்டு விருந்தாளின்னு? எவனாவது ஒருத்தன் மேலிடத்துக்கு எழுதிப் போட்டா கலியமூர்த்தி வேலைக்கே ஆபத்து. அவன் பயந்துட்டான்."

கஸ்தூரி அன்று இரவு சாப்பிடவில்லை. நல்லது செய்யத்தானே போனோம் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் ஓடவில்லை. கலியமூர்த்தி வீட்டுப் பின்வாசலில் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று நின்றது. ஜேம்ஸும் ஹபிபுல்லாவும் பாத்திரம் பண்டங்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணூர்பேட்டையில் ஒரு அறை கிடைத்திருக்கிறதாம். பொங்கல் முடிந்ததும் வடிவை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவார்களாம்.

கஸ்தூரி தயங்கித் தயங்கி உள்ளே போனாள். வடிவின் அம்மா பார்வதம் அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா கண்ணு. நீயாவது இவளுக்குப் புத்தி சொல்லக்கூடாதா? ஓட்டப் பந்தயத்துல பொய் சொல்லி ஏமாத்திட்டாளாமே! கலியமூர்த்தி அண்ணன் சொன்னாரு. நான் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா. அவங்க நைனா ரெண்டு நாளா இவகிட்ட பேசறதில்ல."

கஸ்தூரி திடுக்கிட்டு வடிவைப் பார்த்தாள். வடிவு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

இரண்டு நாளாகத் திட்டு வாங்கியிருக்கிறாள். கஸ்தூரிதான் எழுதினாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா இருந்துவிடு, வண்டி போய்விடும், இனிமேல் சொன்னால் மட்டும் வீடு திரும்பி வரவா போகிறது என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. அவளுக்கு அந்த யோசனை பிடித்தும் இருந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.

வேலுசாமி வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரி அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, வடிவு ஏமாத்தல. நான்தான் அவ பேரை எழுதிக் குடுத்தேன். அவ வேணாம்னுதான் சொன்னா. உங்க வீடு போனது என்னாலதான்."

வேலுசாமியின் கை கயிற்றிலேயே நின்றது. திட்டுவார் என்று கஸ்தூரி காத்திருந்தாள், திட்டியிருந்தால் தேவலை. அவர் மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அவர் குரல் உயரவே இல்லை.

கஸ்தூரிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவள் சொல்ல வந்ததில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் சொன்னாள்.

"அவதான் ஃபர்ஸ்ட் மாமா. எட்டுப் பேர் ஓடினோம். நான் ரெண்டாவது. எனக்கும் அவளுக்கும் நடுவுல பத்தடி இருந்துச்சு."

வேலுசாமி கயிற்றை விட்டுவிட்டார். "ஃபர்ஸ்ட்டா? பேரை அடிச்சிட்டாங்கன்னு இல்ல சொன்னாங்க?"

"அது அப்புறம். முதல்ல மைக்குல அவ பேரைத்தான் சொன்னாங்க. எல்லாரும் கைதட்டினாங்க."

"பார்வதம்! இங்க வா. இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது கேளு." அவர் கஸ்தூரியின் பக்கம் குனிந்தார். "இன்னொருக்கா சொல்லும்மா. எத்தினி அடி?"

"பத்தடி" என்றாள் கஸ்தூரி.

அதற்குள் வண்டியில் சுருட்டிய பாயின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த வடிவு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பத்து இல்ல நைனா. பன்னெண்டு."

"ஆமா மாமா, பன்னெண்டுதான்" என்றாள் கஸ்தூரி.

வண்டி நகர்ந்தது. கஸ்தூரி கை காட்டினாள். வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு நேரம் இல்லை; விசில் ஊதியது முதல் கயிறு அறுந்தது வரை அவள் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார்.